மணிக்கூண்டுக்கு நடந்து 5 நிமிடம்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நான் நலம், உன் அம்மா வலது முழங்கால் நீங்கலாக நலம், வீடு மாடிக் குழாய் நீங்கலாக நலம். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் எப்படி இருக்கிறீர்கள் என்று வாராவாரம் போனில் கேட்டாலும், உன் கையெழுத்தில் நாலு வரி பார்க்காமல் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ என்னை எந்த வாக்கியத்தையும் முடிக்க விட்டதில்லை. நான் ஒன்று தொடங்கினால் "சரிப்பா, சரிப்பா, அம்மாகிட்ட குடுங்க" என்பாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, கடைசி வரி வரைக்கும் நான் சொல்வதுதான். அதனால் ஒரு இடத்தில் உட்கார்ந்து நிதானமாகப் படி, பஸ்ஸில் நின்றுகொண்டு படிக்காதே.

முதலில் என் வருத்தத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வரும்போது எல்லாரும் சேர்ந்து மணிக்கூண்டுக்குப் போக வேண்டும் என்று சொன்னாய், நல்லது. ஆனால் எங்கே காரை நிறுத்த வேண்டும், எந்தப் பஸ்ஸில் ஏற வேண்டும், எந்த வாசலில் இறங்க வேண்டும் என்று இணையத்திலிருந்து நாலு பக்கம் எடுத்து, மஞ்சள் மையில் கோடு வேறு போட்டு, உன் மாமாவின் ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பினாயே, அது எதற்கு? அவன் அதை அச்செடுத்துக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்து, "அத்தான், நீங்க இருக்கற ஊருக்கு வழி உங்க பொண்ணு வெளிநாட்டுலேர்ந்து அனுப்பியிருக்கா, பிடிங்க" என்று நீட்டினான். உன் அம்மா சமையலறையில் சிரித்தது எனக்குக் கேட்டது. முப்பத்தாறு வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். ஆஸ்பத்திரி எந்தப் பக்கம், ரயில் நிலையம் எந்தப் பக்கம், இங்கே துப்பக்கூடாது, அங்கே ஏறக்கூடாது என்று இந்த ஊருக்குச் சொன்னதே என் பிரஷ்தான். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், கடைப் பலகைகளைப் பார்த்துப் பார்த்து எழுத்துக் கற்றவன், எனக்கு ஒரு வாத்தியாரும் கிடையாது. இன்றைக்கும் வாரத்துக்கு இரண்டு லாரிக்குப் பெயர் எழுதிக் கொடுக்கிறேன், கை நடுங்கவில்லை. அப்படிப்பட்டவனுக்கு மஞ்சள் கோடு போட்ட தாள். அதை மடித்து மேசைக் காலுக்கு அடியில் வைத்தேன். மேசை இப்போது ஆடுவதில்லை, அந்த அளவுக்கு அந்தத் தாளால் பயன் உண்டு என்று ஒத்துக்கொள்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன திங்களுக்கு முந்திய திங்கள் நீ போன் செய்தபோது அம்மா, மணிக்கூண்டுக்கு நான் வரவில்லை, நீங்கள் போய்விட்டு வாருங்கள், முட்டி வலிக்கிறது என்று சொன்னாள். நீ அழுதுவிட்டாய் என்று பிறகு சொன்னாள். ஆறு வருடம் கழித்து வருகிறாய், குட்டி முதல் தடவை வருகிறாள், அவளை நடுவில் நிறுத்தி எல்லாரும் மணிக்கூண்டின் உச்சியில் ஒரு படம் எடுக்க வேண்டும் என்று அவளுக்குச் சட்டை கூடத் தைத்து வைத்திருப்பதாகச் சொன்னாயாம். அதோடு உனக்கு ஒன்று தெரியாது. உன் அம்மா இந்த ஊரில் இத்தனை வருடம் இருந்தும் ஒரு தடவைகூட அந்த மணிக்கூண்டின் மேலே ஏறியதில்லை. அதற்குள் இருக்கும் லிப்டில் "எட்டு பேர் மட்டும்" என்று எழுதியவனே நான். அன்றைக்கே உன்னை ஒரு நாள் கூட்டிப்போகிறேன் என்று அவளிடம் சொன்னேன். பிறகு உன் பள்ளிக்கூடம், என் வேலை, மழை, வெயில் என்று தள்ளிக்கொண்டே போயிற்று. இந்தத் தடவை உன் புண்ணியத்தில் அவள் பார்க்க வேண்டியது. அதை அவளே வேண்டாம் என்கிறாள் என்றால் காரணம் முழங்கால் மட்டும் இல்லை. அவள் உன்னிடம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டாள். அதனால் நான் எழுதுகிறேன். படித்துவிட்டு என்னிடம் போனில் இதைப் பற்றிப் பேசாதே.

உன் தாளைப் பார்த்த கோபத்தில், அந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு ஒத்திகை பார்த்துவிடுவோம், அப்பாவுக்கு வழி தெரியும் என்று மகளுக்குத் தெரியட்டும் என்று அம்மாவைக் கிளப்பினேன். அவளும் ஆசையாகப் புதுச் செருப்பு போட்டுக்கொண்டு வந்தாள். நேரே மணிக்கூண்டின் தெற்கு வாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் மைதானத்துக்குப் போனேன். வாழ்நாள் முழுக்க நான் வண்டி நிறுத்திய இடம் அது. அங்கே மைதானத்தைக் காணோம். புல் வளர்த்து, சுற்றி இடுப்பு உயரத்துக்கு இரும்புத் தூண் நட்டு வைத்திருக்கிறார்கள். காவலாளி ஒருவர் விசில் ஊதிக்கொண்டே ஓடி வந்து, "ஐயா, இங்க வண்டி நிறுத்தறத விட்டு ஏழு வருஷம் ஆச்சு, எங்க போயிருந்தீங்க" என்று கேட்டார். எங்கேயும் போகவில்லை, இந்த ஊரில்தான் இருக்கிறேன், எனக்கு யாரும் சொல்லவில்லை என்றேன். அதற்கு அவர் உங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டுமா என்றார். ஏழு வருடத்துக்கு முன்பு ஒரு மைதானத்தை எடுப்பவர்கள் அதை அந்த மைதானத்தில் நிறுத்துகிறவர்களிடம் சொல்ல வேண்டாமா? நான் விடவில்லை. எங்காவது ஒரு இடுக்கு இருக்கும் என்று மணிக்கூண்டைச் சுற்றினேன். சுற்றிலும் நிறுத்தாதே, நிறுத்தாதே என்று பலகை, அத்தனையும் மெஷினில் வெட்டி ஒட்டியது, ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் உறவே இல்லை. மூன்றாவது சுற்றில் உன் அம்மா, "இன்னொரு சுத்து வந்தா அந்தக் காவலாளி நம்மள சொந்தக்காரங்கன்னு நினைச்சி வீட்டுக்குக் கூப்பிட்டுருவாரு" என்றாள். அப்புறம்தான் அந்தப் புதிய பார்க்கிங் கட்டிடத்துக்கு விட்டேன். உன் தாளில் முதல் பக்கத்தில் இருந்தது அதுதான் என்று நீ சொல்ல வேண்டியதில்லை, எனக்கே தெரியும்.

ஐந்து மாடிக் கட்டிடம். ஒவ்வொரு மாடிக்கும் ஒரு நிறம் அடித்திருக்கிறார்கள், நிறம் மட்டமில்லை, ஒரே கோட் என்றாலும் சமமாக அடித்திருக்கிறார்கள். நாலாவது மாடியில் இடம் கிடைத்தது. லிப்டில் கீழே வந்தால் சீட்டுக் கொடுக்கும் பெண், பின்வாசலில் சிறு பஸ் நிற்கும், மணிக்கூண்டு வாசலிலேயே விடும், அதற்குத் தனிச் சீட்டு வேண்டாம் என்று சொன்னாள். அம்மா உடனே பின்வாசல் பக்கம் திரும்பினாள். அப்போது முன்வாசலில் அந்தப் பலகையைப் பார்த்தேன். நீல நிறம், வெள்ளை எழுத்து, அம்புக்குறி, "மணிக்கூண்டுக்கு நடந்து 5 நிமிடம்". என் கை. நூறு பேர் எழுதியதற்கு நடுவில் வைத்தாலும் என் 5-ஐ நான் கண்டுபிடிப்பேன். அதற்கு வயிறு கொஞ்சம் முன்னால் தள்ளியிருக்கும், தலையில் தொப்பி மாதிரி ஒரு கோடு நீளமாக இருக்கும். கல்யாணமான புதிதில் உன் அம்மா, உங்களைப் பார்த்தே எழுதினீர்களா என்று கேட்ட 5 அது. எழுதிப் பல வருடமாகியும் ஒரு இடத்தில்கூடப் பெயிண்ட் உரியவில்லை. எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார். "எதுக்குப் பஸ்ஸு, அஞ்சே நிமிஷம்" என்றேன். அம்மா, "அந்தப் பொண்ணு பஸ்ல போகச் சொல்லுதுங்க, எனக்கு முட்டி வேற ஒரு மாதிரி இருக்கு" என்றாள். "அந்தப் பொண்ணு பொறக்கறதுக்கு முன்னாடி நான் எழுதின பலகை. என் கை பொய் சொல்லாது, வா" என்று நான் முன்னால் நடந்துவிட்டேன்.

தெருக்கோடியில் மணிக்கூண்டு நன்றாகத் தெரிகிறது. உயரமாக இருக்கும் எதுவும் பக்கத்தில் இருப்பது போலத்தான் தெரியும், அது எனக்கும் தெரியும், ஆனால் அன்றைக்குத் தோன்றவில்லை. ஐந்து நிமிடம் ஆயிற்று, பத்து ஆயிற்று. பின்னாலிருந்து அம்மா, "ஏங்க, உங்க அஞ்சு நிமிஷம் எத்தனை நிமிஷம்?" என்று கேட்டாள். இதோ வந்துவிட்டது என்றேன். இன்னும் கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். திரும்பி ஓடினேன். மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றின் வாசற்படியில் ஒரு காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள், புதுச் செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு. முழங்கால் வீங்கியிருந்தது. கடைக்காரர் ஒரு ஸ்டூலையும் தண்ணீரையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "பார்க்கிங்லேர்ந்தா வரீங்க? தினம் ஒருத்தராவது இந்தப் படியில உக்காருவாங்க, நானும் பழகிட்டேன்" என்றார். மணியைப் பார்த்தேன், இருபது நிமிடம் நடந்திருக்கிறோம், மணிக்கூண்டு அப்படியே அதே தூரத்தில் நிற்கிறது. அந்த நேரம் அந்தச் சிறு பஸ் வந்தது. வெள்ளை நிறம், சத்தமே இல்லை, பன்னிரண்டு பேர் உட்காரலாம். அங்கே அதற்கு நிறுத்தம் கிடையாது, ஆனாலும் ஓட்டிய பெண் அம்மாவைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். இறங்கி வந்து கையைப் பிடித்து ஏற்றிக்கொண்டே, "ஏறுங்கம்மா, உங்கள மாதிரி எத்தனை பேர நான் இந்த ரோட்டுல பொறுக்கறேன் தெரியுமா. அந்தப் பலகைய எழுதின ஆளு மட்டும் என் கையில கிடைக்கட்டும்" என்றாள்.

உன் அம்மா என்னைப் பார்த்தாள். பஸ்ஸில் இருந்த ஏழெட்டுப் பேரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அம்மா அந்த வலியிலும், "கிடைச்சா என்னம்மா பண்ணுவே" என்று கேட்டாள். "ஒண்ணும் பண்ண மாட்டேம்மா, அடிக்க மாட்டேன், திட்ட மாட்டேன். அங்கேர்ந்து இங்க வரைக்கும் ஒரு தடவ நடக்க விடுவேன், அவ்வளவுதான்" என்றாள் அவள். அம்மா சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள், அது சிரிப்பினால் வந்த தண்ணீர் மட்டும்தானா என்று எனக்குத் தெரியவில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மணிக்கூண்டு வாசல் வந்தது, எல்லாரும் இறங்கினார்கள், அம்மா இறங்கவில்லை, அதே பஸ்ஸில் திரும்பி வந்து காரில் ஏறினோம். வீட்டுக்கு வந்து காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு, "நான் வரல, நீங்க எல்லாரும் போய்ட்டு வாங்க" என்றாள். வலி போய்விடும், டாக்டரிடம் காட்டுவோம் என்றேன். "வலி போயிடும், அது எனக்கும் தெரியும். நான் வலிக்குதுன்னு சொன்னப்ப நீங்க பலகையத்தானே நம்பினீங்க. பொண்ணு வந்தப்பவும் இப்படி நடுவழியில உக்காந்து, மாப்பிள்ளை முன்னாடி நாம சண்டை போட்டு, குழந்தை முழிச்சுக்கிட்டு நிக்கணுமா? வேணாங்க" என்றாள். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவள் மெதுவாகச் சொன்னாள். மறுநாள் உன்னிடம் போனில் முட்டி வலி என்று மட்டும் சொன்னாள். நான் பக்கத்து அறையில் இருந்தேன், கேட்டது.

அதற்குப் பிறகு ஒரு வாரம் நான் லாரி வேலைக்குப் போகவில்லை. அவளைக் கால் நோகாமல் மணிக்கூண்டு வாசலில் கொண்டுபோய் விட எத்தனை வழி உண்டோ அத்தனையும் நானே போய்ப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை டாக்சி. வாசலுக்குப் போகும் கடைசித் தெருவில் டாக்சி மூன்று நிமிடத்துக்கு மேல் நிற்கக்கூடாதாம். ஓட்டுநர் வண்டி நிற்பதற்கு முன்பே "இறங்குங்க இறங்குங்க இறங்குங்க" என்று என்னைக் கிட்டத்தட்ட உருட்டிவிட்டார், நான் என்ன மூட்டையா? அம்மா ஒரு காலை வெளியே வைத்து, கதவைப் பிடித்து, மறு காலை எடுப்பதற்கே அந்த மூன்று நிமிடமும் போய்விடும். மறுநாள் ரயில். நிலையத்திலிருந்து மேலே வர அறுபத்தோரு படி, எண்ணினேன். லிப்ட் உண்டு, அதன்மேல் "பழுது" என்று ஒரு காகிதம், அந்தக் காகிதமே மஞ்சளாகப் பழுத்திருந்தது. அன்று மாலையே பதினான்காம் எண் பஸ். நல்ல பஸ், உட்கார இடமும் கிடைத்தது. ஆனால் சாலைக்கு அந்தப் பக்கம் நிறுத்துகிறான், இந்தப் பக்கம் வர நடைமேம்பாலத்தில் ஏறி இறங்க வேண்டும். மாப்பிள்ளை பெரிய வேன் வாடகைக்கு எடுக்கலாம் என்றாரே, அதுவும் ஆகாது, வேனுக்கு ஆற்றுக்கு அந்தக் கரையில்தான் இடம். ஆக மிச்சம் இருந்தது அந்தச் சிறு பஸ் ஒன்றுதான். உன் தாளில் மூன்றாம் பக்கத்தில் அதற்குத்தான் மஞ்சள் கோடு போட்டிருந்தாய் என்று மேசைக் காலைத் தூக்கிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் நீ சொன்னதால் நான் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை, மற்ற எல்லாவற்றையும் நானே ஏறி இறங்கிக் கழித்த பிறகு தேர்ந்தெடுத்தேன். இரண்டும் ஒன்றல்ல.

வியாழக்கிழமை அந்தப் பஸ்ஸில் போய் ஏறினேன். அதே பெண். வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்து, அந்தப் பலகையை எழுதினவன் நான்தான் என்று சொன்னேன். எனக்கு எதையும் மறைக்கும் பழக்கம் இல்லை. அவள் வண்டியை ஓரம் கட்டிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்து, "ஐயா, நீங்களா! அப்ப அன்னிக்கு அந்தம்மா அதுக்குத்தான் அப்படிச் சிரிச்சாங்களா" என்று ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தாள், ஹாரன் அலறியது. பிறகு, "சொன்னா சொன்னதுதான், இறங்குங்க, நடங்க" என்றாள். இறங்கி, பார்க்கிங் கட்டிடத்துக்கே திரும்பிப் போய், அங்கிருந்து நடந்தேன். என் நடையில் இல்லை, உன் அம்மாவின் நடையில். இருபத்தெட்டு நிமிடம். அவள் அன்றைக்கு எங்கெங்கே நின்றாளோ அங்கெல்லாம் நானும் நின்று பார்க்கலாம் என்று நினைத்தேன், ஆனால் நான் முன்னால் நடந்ததால் அவள் எத்தனை இடத்தில் நின்றாள் என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டில் கேட்டேன், சொல்ல மாட்டேன் என்கிறாள். அதனால் உட்கார எங்கெல்லாம் இடம் உண்டு என்று மட்டும் பார்த்துக்கொண்டே போனேன். அந்தத் தெரு முழுக்க ஒரு பெஞ்சு இல்லை. ஒரே ஒரு படி. மூக்குக்கண்ணாடிக் கடைப் படி.

மறுநாள் பார்க்கிங் கட்டிடத்தின் ஆபீசுக்குப் போனேன். அங்கே அதிகாரி ஒரு சின்னப் பெண், உன் வயதுகூட இருக்காது. என் பலகை இங்கே எப்படி வந்தது என்று கேட்டேன். அந்தப் பலகை பொய் சொல்லவில்லை மகளே, அதை நீ ஒத்துக்கொள்ள வேண்டும். நான் அதை எழுதியது பழைய மைதானத்துக்கு. மைதானத்திலிருந்து மணிக்கூண்டுக்கு ஐந்தே நிமிடம்தான், இன்றைக்கும் யார் வேண்டுமானாலும் நடந்து பார்க்கலாம். மைதானத்தை மூடியபோது இவர்கள் அதைக் கழற்றிக் கொண்டுவந்து இங்கே மாட்டியிருக்கிறார்கள். ஒரு கடிகாரத்தின் முள்ளைப் பிடுங்கி வேறு கடிகாரத்தில் வைத்த மாதிரி. கேட்டால் அந்தப் பெண், "பலகை ரொம்ப நல்லா இருந்துச்சு ஐயா, தூக்கிப்போட மனசு வரல, அதான் மாட்டினோம்" என்றாள். நல்லா இருந்துச்சு என்றதும் என் கோபம் பாதி இறங்கிவிட்டது, மறைக்க மாட்டேன். மீதிப் பாதிக்கு, உடனே மாற்று என்றேன். மனு கொடுங்கள், மூன்று மாதத்தில் ஆகும் என்றாள். என் மகள் அடுத்த மாதம் வருகிறாள், பிரஷ்ஷும் பெயிண்ட்டும் ஏணியும் என் கார் டிக்கியில் இருக்கிறது, நீ சரி என்று தலையை ஆட்டினால் போதும் என்றேன். அரை மணி நேரம் நகராமல் நின்றேன். ஆட்டினாள்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாள் வேலை. பழைய எழுத்தைச் சுரண்டி, நீலம் இரண்டு கோட் அடித்து, நூல் பிடித்துக் கோடு போட்டு மூன்று வரி எழுதினேன். முதல் வரி, "மணிக்கூண்டுக்கு நடந்து 28 நிமிடம்". இரண்டாம் வரி, "பின்வாசல் சிறு பஸ்ஸில் 6 நிமிடம்". மூன்றாம் வரி, "கால் வலிக்கிறது என்று உடன் வருபவர் சொன்னால் கேட்கவும்". அந்த அதிகாரிப் பெண் கீழே நின்று படித்துவிட்டு, "ஐயா, முதல் ரெண்டும் சரி, மூணாவது வரி எதுக்கு? அது தகவல் இல்லையே" என்றாள். "அதுதாம்மா தகவல். மத்த ரெண்டும் வெறும் கணக்கு" என்றேன். அழிக்கச் சொன்னாள். அழிப்பதாக இருந்தால் இரண்டு நாள் வேலையையும் சேர்த்து அழிக்கிறேன், மெஷின் பலகை வாங்கி ஒட்டிக்கொள் என்று ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டேன். சீட்டுக் கொடுக்கும் பெண், காரில் வந்தவர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். ஒரு அம்மாள், "இருக்கட்டும் விடுங்க, இவர் இத படிக்கட்டும்" என்று தன் புருஷன் தோளில் இடித்தாள். அந்த வரி இருக்கிறது.

நான் வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. உன் மாமா அந்தப் பக்கம் போனவன் பார்த்துவிட்டு, புதன்கிழமை காலையிலேயே வந்து, "அக்கா, அத்தான் உன் முட்டிய ஊருக்கே எழுதி மாட்டிட்டாரு" என்று வாசலிலிருந்தே கத்தினான். அம்மாவுக்குக் கோபம் வந்தது, இப்போதே பார்க்க வேண்டும் என்றாள். அவன்தான் காரை ஓட்டினான், என்னைப் பின்னால் உட்கார வைத்துவிட்டார்கள், சொந்தக் காரில். அம்மா பலகைக்கு முன்னால் நெடுநேரம் நின்றாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டு படித்தாள். அப்புறம், "இத வீட்டுலயே என்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல" என்றாள். "வீட்டுல சொன்னா நீ ஒருத்திதானே கேப்ப. இங்க தினம் நானூறு வண்டி பாக்குது" என்றேன். அவள் அந்த 28-ஐயே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எட்டுக்கு ரெண்டு வயிறு. வயசாயிடுச்சில்ல" என்றாள். உன் மாமா சிரித்த சிரிப்பில் சீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள். பிறகு யாரும் சொல்லாமலே பின்வாசலுக்கு நடந்து, சிறு பஸ்ஸில் ஏறினாள். அந்த ஓட்டுநர்ப் பெண் பலகையைப் படித்திருக்கிறாள், "வாங்கம்மா, ஆள நல்லா நடக்க விட்டுட்டேன்" என்று வரவேற்றாள். ஆறு நிமிடம். மணிக்கூண்டு வாசலில் இறங்கி, நிழலில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, அண்ணாந்து பார்த்தாள். மேலே போகலாமா, லிப்ட் இருக்கிறது என்றேன். "இப்ப வேணாம், குட்டியோட போறேன்" என்றாள்.

ஆகவே அவள் வருகிறாள். நீ மறுபடி போன் செய்து கெஞ்ச வேண்டாம், குட்டியின் சட்டையைப் பெட்டியில் வை. அவள் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள், அன்றைக்கு அவள் முன்னால் நடப்பாளாம், நான் பின்னால் வர வேண்டுமாம். யோசித்துச் சொல்கிறேன் என்றேன், ஆனால் பின்னால்தான் வரப்போகிறேன். நீங்கள் வந்த மறுநாளே போக வேண்டாம், பயணக் களைப்பு தீரட்டும், மூன்றாம் நாள் காலை எட்டரைக்குக் கிளம்பினால் இரண்டாம் மாடியிலேயே இடம் கிடைக்கும், பச்சை நிற மாடி. மாப்பிள்ளையிடம் வேனுக்குச் சொல்ல வேண்டாம் என்று சொல். நம் காரில் ஐந்து பேர் போகலாம், பின்னால் நடுவில் உட்காருகிறவர் கொஞ்சம் ஒடுங்க வேண்டும், அது மாப்பிள்ளைதான், மரியாதைக் குறைவாக நினைக்க வேண்டாம் என்று நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. உன் அறைக்கு வெள்ளை அடித்துவிட்டேன், அம்மா இளமஞ்சள் கேட்டாள், வெள்ளைதான் நல்லது. ஜன்னல் கொக்கி மாற்றிவிட்டேன். மாடிக் குழாயும் நீங்கள் வருவதற்குள் சரியாகிவிடும், குழாய்க்காரன் நாளை வருகிறேன் என்று சொல்லி இது மூன்றாவது வாரம், வரட்டும் அவனுக்கும் ஒரு பலகை எழுதி வைத்திருக்கிறேன். விமானத்தில் குட்டியைக் குளிரில் விடாதே, காதில் பஞ்சு வை. பாஸ்போர்ட்டைக் கைப்பையில் வை, பெட்டியில் போடாதே, போன தடவை செய்த மாதிரி செய்யாதே.

நீயும் மாப்பிள்ளையும் குறைவில்லாமல் இருங்கள், குட்டி நன்றாக வளரட்டும், உன் கை வைத்த காரியம் எல்லாம் நேராகட்டும். என் மகள் நீண்ட காலம் சந்தோஷமாக இருப்பாள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மறக்காமல் அம்மாவுக்கு அந்த முழங்கால் பட்டை வாங்கி வா, இங்கே கிடைப்பது நழுவுகிறது. இன்னொன்று, இனிமேல் எனக்குத் தாள் அனுப்புவதாக இருந்தால் ஒற்றைப் பக்கமாக அனுப்பு, நாலு பக்கம் மடித்தால் மேசை ஒரு பக்கம் தூக்கிக்கொள்கிறது. கீழே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன், அம்மா ஏதோ எழுத வேண்டுமாம்.

என்றும் உன் நலம் நினைக்கும்,
அப்பா

கண்ணு, எல்லாம் படித்தேன், நடந்தது நடந்தபடியே எழுதியிருக்கிறார். நான் நின்றது ஏழு இடம். எட்டாவதில்தான் உட்கார்ந்தேன். அவரிடம் நீ சொல்லிவிடு, என்னிடம் கேட்டுக் கேட்டு உயிரை எடுக்கிறார். சீக்கிரம் வாருங்கள்.
அம்மா